பென்சில்வேனியாவில் சொந்தக் காடு: புதரை எடுக்க அரசு பணம் தருமா?

முதலில் நீங்கள் கேட்டதைத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். பென்சில்வேனியாவில் பெர்க்ஸ் கவுண்டியில் வீட்டோடு சேர்ந்து 23 ஏக்கர் காடு வாங்கியிருக்கிறீர்கள். ஐ.டி. வேலை, விவசாயம் தெரியாது. காட்டுக்குள் கால் வைக்க முடியாத அளவுக்கு முள்ளுப்புதர். பக்கத்து நிலத்துக்காரர் "இதை எடுக்க அரசாங்கமே பணம் தரும், விண்ணப்பித்துப் பார்" என்று சொல்லியிருக்கிறார். அது உண்மையா, எவ்வளவு கிடைக்கும், வாங்கினால் நாளைக்கு நிலத்தின்மேல் அரசு உரிமை கொண்டாடுமா? கேள்வி பணத்தைப் பற்றியதாகத் தெரிந்தாலும், "இவ்வளவு பெரிய வேலையை நான் ஒருவனே தலையில் போட்டுக்கொள்ள வேண்டுமா" என்பதுதான் அடியில் இருக்கிறது என்று படுகிறது. அதனால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் வனவியல் படித்தவன். இந்த மாநிலத்தில் தனியார் காட்டுக்காரர்களுக்கு மேலாண்மைத் திட்டம் எழுதிக் கொடுப்பதுதான் பல வருடமாக என் தொழில். மத்திய அரசின் விதிகள் எல்லா மாநிலத்துக்கும் ஒன்றுதான். தொகையும் முன்னுரிமையும் மாநிலத்துக்கு மாநிலம், வருடத்துக்கு வருடம் மாறும். ஆகவே கீழே சொல்லும் விதிகளை நம்பி எடுத்துக்கொள்ளுங்கள், தொகைகளை மட்டும் உங்கள் கவுண்டி அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சுருக்கமான பதில்: ஆமாம், உண்மைதான், ஈக்விப் என்ற மத்திய அரசுத் திட்டம் இதற்குப் பணம் தருகிறது. நீங்கள் விவசாயியாக இருக்க வேண்டியதில்லை, எதையும் விளைவித்து விற்றுக் காட்ட வேண்டியதில்லை. மரம் நிற்கும் கிராமப்புற நிலம் உங்கள் பெயரில் இருந்து, அதில் என்ன செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தால் போதும். பட்டா மாறாது. வெளியாட்களை உள்ளே விட வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. "வேட்டைக்காரர்களுக்குத் திறந்துவிட வேண்டும்" என்று சிலர் சொல்வார்கள், இந்தத் திட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. அலுவலர்கள் வேலையைப் பார்வையிட வருவார்கள், அவ்வளவுதான். வருமான உச்சவரம்பு ஒன்று உண்டு: மூன்று வருட சராசரியில், வரிக்கணக்கில் வரும் திருத்திய மொத்த வருமானம் 9,00,000 டாலரைத் தாண்டக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு அது ஒரு தடையே இல்லை.

அரசு ஏன் இதற்குப் பணம் தருகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் விண்ணப்பத்தை எப்படி எழுத வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. பென்சில்வேனியாவின் காட்டில் ஏறத்தாழ 70 விழுக்காடு தனியார் கையில் இருக்கிறது. நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய ஒரு கோடிக் குடும்பங்கள் உங்களைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் காடு வைத்திருக்கிறார்கள். பறவையும் ஓடைத் தண்ணீரும் உங்கள் வேலிக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை. உங்கள் புதரில் பழுக்கும் பழத்தைப் பறவை தின்று பக்கத்து மாநிலக் காட்டில் எச்சமிடுகிறது. ஆக, அரசு பணம் கொடுப்பது உங்கள் கொல்லையை அழகுபடுத்த அல்ல, மண், நீர், உயிரினங்களின் வாழிடம் என்ற பொது நன்மைக்கு. "வீட்டைச் சுற்றிப் புதர் மண்டிக் கிடக்கிறது, சுத்தம் செய்ய வேண்டும்" என்று எழுதினால் நகராது. "நாட்டு மரக்கன்றுகள் வளர முடியாதபடி அடிக்காட்டை அந்நியப் புதர்கள் மூடிவிட்டன, அதை மீட்க வேண்டும்" என்பதுதான் அவர்கள் தேடும் விஷயம். அது உங்கள் நிலத்தில் உண்மையும்கூட.

பணம் தரும் முக்கியமான திட்டத்தின் முழுப்பெயர் சுற்றுச்சூழல் தர ஊக்கத் திட்டம் (EQIP), எல்லோரும் ஈக்விப் என்றே சொல்வார்கள். 1996 பண்ணைச் சட்டத்தில் வந்தது. மத்திய வேளாண் துறையின் கீழுள்ள என்.ஆர்.சி.எஸ். என்ற இயற்கை வளப் பாதுகாப்பு அமைப்பு அதை நடத்துகிறது. வனவிலங்கு வாழிடத்துக்கென்று முன்பு தனியாக இருந்த விப் திட்டத்தையும் 2014இல் இதற்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். 2018 சட்டம் ஈக்விப் நிதியில் குறைந்தது 10 விழுக்காட்டை வாழிட வேலைகளுக்கே ஒதுக்கச் சொல்கிறது. இதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண் உண்டு. மரம்போன்ற புதர்களை அழிப்பது 314, புல் பூண்டு வகைக் களை 315, நல்ல மரத்துக்கு இடம் கொடுக்க மற்றதைக் கழிப்பது 666, மரம் நடுவது 612, வேலி 382. அலுவலகத்தில் பேசும்போது இந்த எண்களிலேயே பேசுவார்கள், காதில் விழுந்து பழகியிருந்தால் மிரள வேண்டியதில்லை.

இப்போது பணக் கணக்கு. இதில்தான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நீங்கள் செலவழித்த ரசீதைக் காட்டி அதில் 75 விழுக்காட்டைத் திரும்ப வாங்கும் முறை அல்ல இது. ஒரு ஏக்கரில் இந்த வேலைக்கு வழக்கமாக எவ்வளவு ஆகும் என்று மாநில அளவில் ஒரு மதிப்பீடு போட்டு, அதில் அதிகபட்சம் 75 விழுக்காடு என்ற கணக்கில் ஒரு நிலையான தொகையை அட்டவணையாக வைத்திருப்பார்கள். வேலை அவர்கள் தரத்துக்கு முடிந்தால் அந்தத் தொகை வரும். உங்களுக்கு நிஜமாக எவ்வளவு ஆனது என்பது உங்கள் பாடு. புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: அட்டவணை ஏக்கருக்கு 600 டாலர் என்கிறது, ஐந்து ஏக்கர், 3,000 டாலர் வரும். ஒப்பந்ததாரர் 4,500 கேட்டால் 1,500 உங்கள் கையை விட்டுப் போகும். நீங்களே வார இறுதிகளில் செய்து மருந்துக்கும் கருவிக்கும் 900 மட்டும் செலவழித்தால் மீதி உங்கள் உழைப்புக்கு. நிஜ உலகில் ஒப்பந்ததாரர் கூலி லேசான புதருக்கு ஏக்கருக்குச் சில நூறு டாலரில் தொடங்கி, உங்களுடையதுபோல் மண்டிக் கிடந்தால் ஆயிரத்தைத் தாண்டும். குறைந்தது இருவரிடமாவது விலை கேட்காமல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது. பண்ணையோ காடோ பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து நடத்தாதவர் "தொடக்கநிலை" உடைமையாளர் என்ற வகையில் வருவார். நேற்று வாங்கிய நீங்கள் அதில் நேராகப் பொருந்துகிறீர்கள். நிலத்தின் வேலையில் நீங்களும் பங்கெடுக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. இந்த வகைக்கு மதிப்பீட்டில் 90 விழுக்காடு வரை கிடைக்கும், அதில் பாதியையாவது முன்பணமாகக் கேட்டு வாங்கலாம். வாங்கினால் 90 நாளுக்குள் அந்த வேலைக்கே செலவழித்துவிட வேண்டும். விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை டிக் செய்யும் வேலைதான், ஆனால் யாரும் உங்களைத் தேடி வந்து சொல்ல மாட்டார்கள், நீங்களாகக் கேளுங்கள்.

அப்புறம், எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திடும்வரை எந்த வேலையையும் தொடங்காதீர்கள். தொடங்கிவிட்ட வேலைக்குப் பணம் கிடையாது. ஆர்வக் கோளாறில் ஒரு சனிக்கிழமை ஆளை வைத்து இரண்டு ஏக்கர் புதரை வெட்டித் தள்ளிவிட்டு, திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போய் நின்றவர்களை எனக்குத் தெரியும். அந்த இரண்டு ஏக்கருக்கு அவர்களுக்குக் காசும் வரவில்லை, புதரும் போகவில்லை. மருந்தில்லாமல் வெட்டிய அடிக்கட்டை அடுத்த கோடைக்குள் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்த்து நின்றது. சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டு அடுத்த மழைக்குப் போய்ப் பார்த்த நம்மூர்க்காரருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சரி, எந்த வரிசையில் போவது? முதல் தொலைபேசி அழைப்பு மத்திய அரசுக்கு அல்ல, மாநில வனத்துறைக்கு. பென்சில்வேனியாவில் ஒவ்வொரு கவுண்டிக்கும் டி.சி.என்.ஆர். என்ற மாநிலத் துறையின் சேவை வனவர் ஒருவர் உண்டு. அவர் இலவசமாக வந்து உங்களோடு காட்டைச் சுற்றிப் பார்ப்பார். அந்த ஒரு நடையில் நீங்கள் தெரிந்துகொள்வது மாதக்கணக்கில் இணையத்தில் படித்தாலும் கிடைக்காது. இரண்டாவது, காட்டு மேலாண்மைத் திட்டம். அது இல்லாமல் காட்டு வேலைகளுக்கு ஈக்விப்பில் பணம் வாங்க முடியாது. அந்தத் திட்டத்தை எழுதவே ஈக்விப்பில் தனியாக உதவி உண்டு, அதன் எண் 106. என்னைப்போல் பதிவுபெற்ற ஆட்கள் எழுதித் தருவோம். அதாவது பலருக்கு முதல் வருடம் திட்டத்துக்கு, இரண்டாம் வருடம் வேலைக்கு என்று இரண்டு விண்ணப்பமாகப் போகும். மூன்றாவதாக, கவுண்டியின் வேளாண் சேவை அலுவலகமான எஃப்.எஸ்.ஏ.வில் பத்திர நகலோடு போய் உங்கள் நிலத்துக்குப் பண்ணை எண் வாங்க வேண்டும். காட்டுக்குப் பண்ணை எண்ணா என்று குழம்ப வேண்டாம், அவர்கள் கணினியில் எல்லா நிலமும் பண்ணைதான். அங்கேயே ஏ.டி.-1026 என்ற மண், சதுப்புநில உறுதிமொழியும் சி.சி.சி.-941 என்ற வருமான உறுதிமொழியும் முடித்துவிடுங்கள். கடைசியாக சி.பி.ஏ.-1200, அதுதான் ஈக்விப் விண்ணப்பம். வருடம் முழுக்க வாங்கிக்கொள்வார்கள், ஆனால் ஒரு கெடு தேதி வரை வந்தவற்றை மொத்தமாக வைத்துத்தான் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவார்கள். அந்தத் தேதி பெரும்பாலும் இலையுதிர் காலத்திலோ குளிர்காலத் தொடக்கத்திலோ வரும். கோடையிலேயே காகிதங்களை முடித்து வைத்திருப்பவர்தான் அந்தச் சுற்றில் இருப்பார்.

விண்ணப்பித்தால் கிடைத்துவிடுமா? இங்கேதான் என்னால் உறுதி சொல்ல முடியாது. 2010 முதல் 2020 வரை நாடு முழுக்க ஈக்விப்புக்கு விண்ணப்பித்தவர்களில் 31 விழுக்காட்டினருக்குத்தான் ஒப்பந்தம் கிடைத்தது. 2022இல் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டம் ஈக்விப்புக்கு மட்டும் 845 கோடி டாலர் கூடுதலாக ஒதுக்கியது. 2025இல் அந்த நிதியில் ஒரு பகுதி சில காலம் நிறுத்திவைக்கப்பட்டது, அலுவலகங்களில் ஆட்களும் குறைந்தார்கள். அதே வருடம் வந்த புதுச் சட்டம், செலவாகாத தொகையைத் திட்டத்தின் வழக்கமான நிதிக்குள் கொண்டுவந்தது. என் கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறேன்: பணம் தீர்ந்ததைவிட, வந்து பார்க்க ஆள் இல்லாமல் தாமதமானதுதான் அதிகம். முதல் சுற்றில் கிடைக்கவில்லை என்றால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறாமல் அடுத்த சுற்றுக்கு அப்படியே நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

இனி காட்டுக்குள் போவோம், ஏனென்றால் என்ன புதர் என்று தெரியாமல் எந்தப் படிவமும் பயன்படாது. பெர்க்ஸ் பக்கம் முள்ளுப்புதர் என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று, அல்லது இரண்டும். இடுப்பளவு உயரம், சின்னக் கரண்டி வடிவ இலை, கிளை நெடுக ஒற்றை ஒற்றை முள், சிவப்புப் பழம் என்றால் அது ஜப்பானியப் பார்பெரி. ஒரு தண்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பளிச்சென்று மஞ்சளாக இருக்கும். வளைந்து வளைந்து ஆளை மறிக்கும் நீண்ட கொம்புகள், கீழ்நோக்கி வளைந்த முள், இலைக்காம்பின் அடியில் சீப்புப் பல்போல் பிசிறு பிசிறாக ஒரு செதில் என்றால் அது மல்டிஃப்ளோரா ரோஜா. முள்ளில்லாமல் எதிரெதிர் இலையோடு நிற்கும் புதரின் குச்சியை ஒடித்துப் பார்த்து நடுவில் வெற்றுத்துளை தெரிந்தால் புதர் ஹனிசக்கிள். இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசியதுபோல் மின்னினால் ஆட்டம் ஆலிவ். கால்பட்ட இடமெல்லாம் வெளிர்பச்சையாய் மெத்தைபோல் புல் விரிந்து, இலை நடுவில் சற்று ஓரம் தள்ளி ஒரு வெள்ளிக்கோடு ஓடினால் அது ஸ்டில்ட் புல். என் அனுபவத்தில் எல்லாவற்றிலும் தொல்லையானது அந்தப் புல்தான்.

பார்பெரியைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்ல ஒரு தனிக் காரணம் இருக்கிறது. அதன் அடர்ந்த நிழலில் ஈரம் தங்கும், எலிகள் ஒதுங்கும், அதனால் லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் பார்பெரி இல்லாத காட்டைவிட அங்கே பல மடங்கு அதிகம். கனெக்டிகட்டில் பல வருடம் செய்த ஆய்வுகளில் இது தெளிவாகவே தெரிந்தது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் வீட்டை ஒட்டிய பகுதியில் தொடங்க இதைவிடக் காரணம் வேண்டாம். பென்சில்வேனியா 2021இல் இந்தச் செடியின் விற்பனைக்குத் தடை அறிவித்து, 2023 வரை படிப்படியாக அமல்படுத்தியது. அதுவரை நர்சரிகளில் அழகுச் செடியாக விற்றார்கள். மல்டிஃப்ளோரா ரோஜாவின் கதை இன்னும் வேதனையானது. இன்று அதை அழிக்கப் பணம் தரும் இதே என்.ஆர்.சி.எஸ்., மண் பாதுகாப்புச் சேவை என்ற பெயரில் இருந்தபோது, 1930களில் மண்ணரிப்பைத் தடுக்கவும் உயிர்வேலியாகவும் நடும்படி விவசாயிகளிடம் பரப்பியது. ஆட்டம் ஆலிவும் அப்படித்தான். அந்தக் காலத்து அறிவுக்கு அது சரியாகப் பட்டது. உங்களுக்கு முந்தைய உடைமையாளர் சோம்பேறி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், இந்தச் செடிகள் வந்த வழி அது.

உங்கள் காட்டின் ஓரத்தில், சாலைப் பக்கம், நீண்ட கூட்டிலையோடு வேகமாக வளரும் வெளிறிய பட்டை மரம் இருந்தால் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். கெட்டுப்போன நிலக்கடலை நாற்றம் வந்தால் அது சொர்க்க மரம் என்று அழைக்கப்படும் அய்லாந்தஸ், நம்மூர்த் தீக்குச்சி மரத்தின் நெருங்கிய உறவு. 2014இல் அமெரிக்காவில் முதன்முதலாக உங்கள் பெர்க்ஸ் கவுண்டியில்தான் புள்ளி லாந்தர்ப்பூச்சி என்ற, பயிரைக் கெடுக்கும் அந்நியப் பூச்சியைக் கண்டுபிடித்தார்கள், அதற்கு மிகவும் பிடித்த மரம் இது. இதை மட்டும் தயவுசெய்து வெறுமனே வெட்டாதீர்கள். வெட்டினால் வேரிலிருந்து சுற்றிலும் பத்து இருபது கன்று கிளம்பும். ஜூலை முதல் இலை பழுக்கத் தொடங்கும்வரை உள்ள நாட்களில், மரம் உணவை வேருக்கு இறக்கும் நேரத்தில், தண்டில் இடைவெளி விட்டுக் கொத்தி அந்த வெட்டுக்குள் களைக்கொல்லி ஊற்ற வேண்டும். குறைந்தது 30 நாள் விட்டுத்தான் மரத்தைச் சாய்க்க வேண்டும்.

புதர்களுக்கு வேறு முறை. சிறிய தண்டுகளுக்கு எண்ணெயில் கலந்த டிரைக்ளோபிர் என்ற களைக்கொல்லியை அடித்தண்டின் ஒரு அடி, ஒன்றரை அடி உயரத்துக்குச் சுற்றிலும் தெளிக்கலாம், குளிர்காலத்திலும் செய்யலாம். வெட்டினால் வெட்டிய கையோடு அடிக்கட்டையில் மருந்து தடவ வேண்டும். ஹனிசக்கிளுக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு: நாட்டு மரங்கள் இலை உதிர்த்த பிறகும் அக்டோபர் கடைசி, நவம்பர் வரை அது பச்சையாகவே நிற்கும், அப்போது தெளித்தால் மற்றவற்றுக்குச் சேதம் குறைவு. ஸ்டில்ட் புல் ஒரு வருடப் பயிர், விதையால் மட்டுமே பிழைக்கிறது. ஆகஸ்ட் கடைசியில், விதை கட்டும் முன் தரையோடு வெட்டினால் அந்த வருடக் கணக்கு தீரும். ஜூனில் வெட்டினால் மறுபடி தழைத்து விதைவிடும். ஆனால் மண்ணிலுள்ள பழைய விதை பல வருடம் முளைத்துக்கொண்டே இருக்கும், அதனால் விடாமல் செய்ய வேண்டும். ஓடைக்கரையில் எதைத் தெளிப்பதானாலும் நீர்நிலைக்கு அனுமதித்த மருந்தா என்று லேபிளில் பார்த்துத்தான் தெளிக்க வேண்டும்.

புதரை எடுத்துவிட்டால் காடு தானாகத் திரும்பிவிடும் என்று நம்புகிறவர்கள் பலர். சில இடங்களில் திரும்பும். இங்கே பெரும்பாலும் இரண்டு விஷயம் குறுக்கே நிற்கிறது. ஒன்று, மான். மான்கள் ஓக், மேப்பிள் கன்றுகளைத்தான் தேடித் தின்னும், பார்பெரியையும் ஸ்டில்ட் புல்லையும் தொடாது. ஆக நீங்கள் புதரை எடுத்த இடத்தில் முளைக்கும் நாட்டுக்கன்றை மான் முடித்துவிடும், மிஞ்சுவது புல்தான். வேலிக்கோ கன்றுக்கு மாட்டும் குழாய்க்கோ பணம் கேட்காமல் புதர் அழிக்கும் 314 எண் வேலைக்கு மட்டும் வாங்கினால் பாதி வேலைக்குத்தான் பணம் வாங்கியிருப்பீர்கள். இரண்டாவது, வெளிச்சம். 2002இல் மிச்சிகனில் கண்டுபிடித்த ஆஷ் மரத்தைத் துளைக்கும் மரகத நிற வண்டு 2007இல் இங்கே வந்தது, அதற்குப் பிறகு ஆஷ் மரங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மேலே பெரிய ஓட்டைகள் விழுந்துவிட்டன. கீழே புதர் இருக்கும் காட்டில் மேலே திறந்தால் முதலில் கொழுப்பது புதர்தான். அதனால்தான் "உங்கள் பெரிய மரத்துக்கு நல்ல விலை தருகிறேன்" என்று கதவைத் தட்டும் மரவியாபாரியைப் புதர் ஒழியும்வரை உள்ளே விடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். நல்ல மரத்தை மட்டும் பொறுக்கி எடுத்துப் போனால் அந்த வெளிச்சத்தில் வளரப்போவது நீங்கள் விரும்பாதது.

வாழிடம் என்று பேசும்போது இன்னொன்று வரும். மரத்தை வெட்டித் திறந்து இளங்காடு உண்டாக்கவும் அரசு பணம் தருகிறது. முதலில் கேட்பவருக்கு இது விநோதமாக இருக்கும். பென்சில்வேனியாக் காடு நூறு வருடத்துக்கு முன் மொத்தமாக மொட்டையடிக்கப்பட்டு ஒரே நேரத்தில் வளர்ந்தது, அதனால் எங்கு பார்த்தாலும் கிட்டத்தட்ட ஒரே வயது மரம். தங்கச்சிறகுக் கதிர்க்குருவி, மாநிலப் பறவையான ரஃப்டு க்ரவுஸ் போன்றவற்றுக்கு அடர்ந்த இளங்காடு வேண்டும். ஆனால் அந்தக் குருவிக்கான முயற்சி பெரும்பாலும் போகோனோஸ் பக்கமும் உள்மலைப் பகுதிகளிலும்தான். உங்கள் 23 ஏக்கருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நிழலும் நல்ல அடிக்காடும் விரும்பும் மரத் த்ரஷ் போன்ற பறவைகளை வைத்து யோசித்தால் உங்கள் நிலத்துக்குப் பொருத்தமாக இருக்கும்.

ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு என்ன என்று கேட்டிருந்தீர்கள். எந்த வருடம், எந்த வயலில், எந்த வேலை என்று அட்டவணை இருக்கும், அதை அவர்களின் தரத்துக்குச் செய்ய வேண்டும். வேலையை முடித்த பிறகு அதற்கென்று குறித்த ஆயுட்காலம் வரை பராமரிக்க வேண்டும். நடுவில் கைவிட்டால் வாங்கியதைத் திருப்பிக் கேட்கலாம், இழப்பீடும் சேரலாம். நிலத்தை விற்றால் வாங்குபவர் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பொறுப்பு உங்கள் தலையில். மழை, வேலை நெருக்கடி என்று தாமதமானால் கெடுவுக்கு முன்பே எழுதிக் கேட்டால் தேதியை மாற்றித் தருவார்கள், கெடு தாண்டிய பிறகு கேட்டால் சிக்கல். ஆகவே என் யோசனை, 23 ஏக்கருக்கும் ஒரே மூச்சில் எழுதாதீர்கள். பணம் வருவது பெரும்பாலும் முதல் அழிப்புக்கும் ஒன்றிரண்டு மறுசுற்றுக்கும்தான். நான்காம் வருடம் மறுபடி தலைகாட்டும் கன்றைப் பிடுங்கப்போவது நீங்கள். வேலையும் குழந்தைகளும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் வருடா வருடம் சுற்றிவந்து பார்க்கக்கூடிய அளவு, ஐந்து ஆறு ஏக்கர். அதையும் மிக மோசமான மூலையில் தொடங்காமல், புதர் குறைவாக, நாட்டு மரம் நன்றாக இருக்கும் பகுதியில் தொடங்கி வெளிநோக்கி நகருங்கள். வீட்டை ஒட்டிய பார்பெரி மட்டும் உண்ணிக்காக விதிவிலக்கு.

வேறு வழிகளும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். சி.எஸ்.பி. என்பது ஏற்கெனவே நன்றாகப் பராமரிக்கப்படும் நிலத்தை மேலும் உயர்த்துவதற்கான ஐந்து வருட ஒப்பந்தம், உங்களுக்கு அது இரண்டாம் கட்டம். மத்திய மீன், வனவிலங்குச் சேவையின் பார்ட்னர்ஸ் திட்டம் 1987இல் இருந்து தனியார் நிலத்தில் வாழிட மீட்புக்கு உதவுகிறது, குறைந்தது பத்து வருட உடன்பாடு கேட்கும். புயல் போன்ற பேரிடரில் காடு சேதமானால் எஃப்.எஸ்.ஏ.வில் தனி நிதி உண்டு, களைக்கு அது பொருந்தாது. பலரும் கவனிக்காமல் விடுவது சொத்து வரி: 1974இல் வந்த க்ளீன் அண்ட் க்ரீன் சட்டத்தில் பத்து ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள காட்டுக்குச் சந்தை மதிப்பில் இல்லாமல் பயன்பாட்டு மதிப்பில் வரி போடலாம். முந்தைய உடைமையாளர் அதில் இருந்தாரா என்று கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்தில் உடனே கேளுங்கள். இல்லையென்றால் ஜூன் 1க்குள் விண்ணப்பித்தால் அடுத்த வரி ஆண்டிலிருந்து வரும். பல கவுண்டிகளில் இதில் மிச்சமாவதே வருடாந்திரக் களைச்செலவைத் தாங்கும். ஆனால் பின்னால் மனை போட்டு விற்றாலோ பயன்பாட்டை மாற்றினாலோ ஏழு வருட வித்தியாச வரியை 6 விழுக்காடு வட்டியோடு கட்ட வேண்டும், அதை யோசித்துச் சேருங்கள்.

ஈக்விப் தொகைக்கு 1099-ஜி படிவம் வரும், அதாவது அது வருமானம். வருமான வரிச் சட்டத்தின் 126ஆம் பிரிவில், மூலதனச் செலவாகக் கருதக்கூடிய பகுதியைக் கணக்கிலிருந்து விலக்க வழி இருக்கிறது, ஆனால் அதன் கணக்கீடு கொஞ்சம் சிக்கலானது. வரி என் துறை இல்லை. மரம், பண்ணை வரி தெரிந்த ஒரு கணக்காளரிடம் அந்தப் பிரிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், சாதாரண வரி மென்பொருள் இதைத் தானாகக் கேட்காது.

உங்களிடம் கிரீன் கார்டு இருப்பதாக எழுதியிருந்தீர்கள், அதனால் உங்களுக்கு இது பொருந்தாது. ஆனால் இதைப் படிக்கும் எச்-1பி நண்பர்கள் இப்போதெல்லாம் நிறைய பேர் நிலம் வாங்குகிறார்கள் என்பதால் சேர்க்கிறேன். குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர் மொத்தம் பத்து ஏக்கருக்கு மேல் விவசாய நிலமோ காடோ வாங்கினால், 1978ஆம் வருடத்து வெளிநாட்டவர் விவசாய முதலீட்டு அறிவிப்புச் சட்டப்படி 90 நாளுக்குள் எஃப்.எஸ்.ஏ.-153 படிவம் கொடுக்க வேண்டும். தவறினால் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 விழுக்காடு வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. வீடு வாங்கும்போது தரகரோ வங்கியோ பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. கெடு தாண்டியிருந்தாலும் நாள் ஏற ஏற அபராதமும் ஏறும் என்பதால், அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே போய்த் தாக்கல் செய்துவிடுங்கள்.